பழைய லேப்டாப்பில் பழைய கேம்ஸ்: கண்ட பென்டிரைவ் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன்பிடித் தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும் மே மாதத்தில், கீழக்கரை, மண்டபம், பாம்பன் வீடுகளில் பீரோ மேல் கிடக்கும் விலையில்லா மடிக்கணினிகள் கீழே இறங்குகின்றன. பிள்ளைகள் கேட்பது கேம்ஸ். கைக்கு வருவதோ யாரோ கொடுத்த பென்டிரைவ். ஆட்டத்தோடு வைரஸும் வந்துவிடுகிறது. நல்ல ஆட்டங்கள் முறையாகவே, காசில்லாமல் கிடைக்கும்போது இது எதற்கு?

முதலில் மெஷின். உப்புக்காற்றில் ரேம் எனும் நினைவகப் பலகையின் தங்கநிற விளிம்பு மங்கிவிடும். விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, அந்த விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு மாட்டுங்கள். பல மெஷின்கள் இதிலேயே பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போனால் தேதியை நினைவில் வைக்க உள்ளே இருக்கும் 3 வோல்ட் சீமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பானால் பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று தடுக்கும். நெட்டின் மேல் குற்றமில்லை.

விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆகவே டவுன்லோடை போனில் செய்து கேபிளில் மாற்றுங்கள். விளையாடும்போது நெட் வேண்டாம்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஆட்டங்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாகத் திறக்கவே திறக்காது. அதற்கு டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ஆட்டத்தைத் தொடங்கும் இஎக்ஸ்இ ஃபைலை இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் போட்டால் ஓடும். மெதுவாக ஓடினால் கன்ட்ரோலுடன் எஃப் 12, தலைதெறிக்க ஓடினால் கன்ட்ரோலுடன் எஃப் 11. சில லேப்டாப்பில் எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் பலரும் வேகத்தை இன்னும் கூட்டுகிறார்கள். பிராசஸர் திணறுவதுதான் காரணம், குறைக்க வேண்டும். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோலுடன் எஃப் 10.

என்ன விளையாடலாம்? 1993இல் வந்த டூம் ஆட்டத்தின் முதல் பாகம், 9 நிலைகள், இலவசப் பகிர்வுக்கென்றே வெளியிடப்பட்டது. ரத்தக்களரி என்பதால் சிறுவர்களுக்கு வேண்டாம். அவர்களுக்கு ரயிலும் பேருந்தும் விடும் ஓப்பன் டிடிடி அருமை. பினீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற கதை விளையாட்டை 2003இல் உரிமையாளர்களே இலவசமாக்கினார்கள். அதை, பழைய கதை விளையாட்டுகளை ஓட்டும் இலவச மென்பொருளான ஸ்கம்விஎம்மின் தளத்திலேயே எடுக்கலாம். மற்றபடி, பழையது என்பதற்காக உரிமை காலாவதி ஆகிவிடாது. வீட்டிலுள்ள பழைய சிடி விண்டோஸ் 10இல் ஓடாவிட்டால், அதில் உள்ள சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டை விண்டோஸ் ஏற்காததும் காரணமாக இருக்கலாம். பூட்டை உடைக்கும் கிராக் தேடாமல், பழைய கேம்ஸ் விற்கும் ஜிஓஜி தளத்தில் பூட்டில்லாத பதிப்பு விலைக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

மேலே சொன்ன இலவச ஆட்டங்கள் எல்லாம் சேர்த்தும் 1 ஜிபி வராது. ராமநாதபுரம் மாவட்டக் கிளை நூலகங்களின் கணினிகளில் இவற்றை ஏற்றிவைத்து, கேட்கும் பிள்ளைகளுக்கு நகல் கொடுக்க நூலகத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

— கணினி பழுதுநீக்குவோர், கீழக்கரை