மைக்கைக் கீழே வையுங்கள் தலைவரே

ஆசிரியருக்கு வணக்கம்.

விசாரணை வரலாம் என்ற பேச்சு கிளம்பியதுமே தலைவர்கள் மைக்கைப் பிடித்து விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், வக்கீலுக்கு அதுதான் பெரிய தலைவலி, ஏனென்றால் இன்று மேடையில் சொன்னதும் நாளை விசாரணை அதிகாரியிடம் சொல்வதும் கொஞ்சம் முரண்பட்டாலும் எதிர்த்தரப்பு விடாது. மௌனம் அரசியலில் நஷ்டம்தான், சரி, ஆனால் சட்டத்தில் அது உரிமை.

அப்புறம், ஆவணத்தை அழிப்பதும் சாட்சியைக் கலைப்பதும் கூடவே கூடாது. மூலக் குற்றம் நிரூபணமாகாவிட்டாலும் அதுவே தனி வழக்காகிவிடும். அமெரிக்காவில் அதிபர் நிக்சன், வாட்டர்கேட் ஊழல் விசாரணையில் கேட்கப்பட்ட தன் உரையாடல் ஒலிநாடாக்களைத் தரமாட்டேன் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1974 ஜூலையில் வழக்கை விசாரித்த 8 நீதிபதிகளும் ஒருமனதாக ஒப்படைக்கச் சொன்னார்கள், ஆகஸ்டில் பதவி விலகினார்.

கட்சி வக்கீலையே சொந்த வழக்குக்கும் வைத்துக்கொள்வது இன்னொரு தப்பு. கட்சியின் நலனும் தலைவரின் நலனும் எந்த நாளில் பிரியும் என்று யாருக்குத் தெரியும்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்