மரம் முறிக்கச் சொன்ன பிள்ளைக்கு

மக்களே,

இங்கே எல்லோரும் சுகம். அம்மைக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றி எழுதியிருக்கிறார்கள், கால் நீர் வற்றியிருக்கிறது. தக்கலை அத்தை வீட்டுக் கல்யாணம் நல்லபடி முடிந்தது. நீ வரவில்லையா என்று நாலு பேர் கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். உண்மை உனக்குத்தான் தெரியும்.

நீ அம்மை போனுக்கு அனுப்பியதை அவள் வாசித்துக் காட்டினாள். கார்த்திகைக்கு முன்னால் வீட்டைச் சுற்றி நிற்கிற மரத்தையெல்லாம் முறித்துவிட வேண்டும், கூலிக்கு ரூபாய் போட்டிருக்கிறேன் என்று. 40,000 வந்துவிட்டது. பாங்கில் அந்தப் பிள்ளை "மகன் போட்டதா தாத்தா?" என்று கேட்டது. ஆமாம் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பத்து பேர் நின்றார்கள், கேட்கட்டுமே.

ஆனால் மரத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் கரண்ட் லைன் வேலை பார்த்தவன். கம்பிக்குக் கீழே எத்தனை கொப்பு இறக்கியிருப்பேன், எந்த மரம் விழும், எது நிற்கும் என்று ஓரளவு தெரியாதா?

எல்லாவற்றையும் முறிக்கக் கூடாது. ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

படுக்கிற அறைக்குப் பின்னால் நிற்கிற தெங்கு போகட்டும். தடியில் ஓட்டை, அதிலிருந்து செம்பட்டையாக நீர் வடிகிறது, சவைத்துத் துப்பின நார் வெளியே கிடக்கிறது. காதை வைத்தால் உள்ளே கறுமுறு சத்தம். சிவப்புக் கூன்வண்டு. பச்சை ஓலையோடு நிற்கும், ஒரு காற்றில் நடுவில் முறியும். மற்ற எட்டு தெங்குக்கும் ஒன்றுமில்லை. குருத்து ஓலை இடுக்கில் வேப்பம் பிண்ணாக்கு ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து போட ஆள் ஏற்றியிருக்கிறேன்.

வடமேற்கு மூலை அயனி மரத்தைத் தொட விடமாட்டேன். 2021 ஐப்பசிக் கடைசியில் ஊரெல்லாம் தண்ணீர் ஏறிய மழையிலும் அசையவில்லை. நான் கொப்பைப் பார்த்துச் சொல்லவில்லை, மூட்டை, மரத்தின் அடித்தூரைப் பார்த்துச் சொல்கிறேன். காற்றடிக்கும்போது போய் நின்று பார்த்தேன், மண் வெடிக்கவில்லை, எழும்பவில்லை. தூரில் காளான் இல்லை. தடியில் வெள்ளை வெள்ளையாக இருப்பது பாசி மாதிரி ஒன்று, அது மரத்தைத் தின்னாது.

மாவு, கிணற்றுப் பக்கத்து மாமரம், என் தவறு. ஒக்கிப் புயல் போன மறுவருஷம் பயத்தில் தலையோடு மொட்டையடித்தேன், உயரம் போனால் ஆபத்தும் போகும் என்று நினைத்து. என்ன ஆச்சு? வெட்டின இடத்தில் துடைப்பம் மாதிரி நாற்பது கொப்பு எழும்பியது. அதெல்லாம் பட்டைக்கு அடியிலிருந்து வந்தது, தடிக்குள் பிடிப்பே இல்லை. போன வருஷம் இரண்டு கிழிந்து கிணற்று மேல் விழுந்தது. வெட்டுவாய் வழியாகத் தண்ணீர் இறங்கி மேலே பொந்து வேறு. சிமென்ட் போட்டு அடை என்று சின்ன மாமன் சொல்கிறார். அடைக்கக் கூடாது, உள்ளே ஈரம் நின்று இன்னும் இற்றுப்போகும். பட்ட கொப்பை மட்டும் இப்போதே எடுக்கிறேன். மீதியை மாங்காய் பறித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும், ஒரு வருஷத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. கொப்பு தடியோடு சேருகிற இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு வீக்கம் இருக்குமல்லவா, அதை விட்டு வெளியே வெட்டணும். தடியோடு ஒட்ட வழித்தால் புண் மூடாது. முதலில் அடியில் ஒரு வெட்டு, அப்புறம் மேலே, இல்லாவிட்டால் பட்டை தடிவரை உரிந்து வரும். வெட்டுவாயில் பூச துருசு, அதாவது மயில்துத்தம், 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், பிளாஸ்டிக் வாளியில். இரும்புக் கத்தியை முக்கிப் பார், செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். இதையெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன், மஸ்கட்டில் நீ எந்த மரத்தை வெட்டப் போகிறாய்.

போன வாரம் ராத்திரி மழை. மணி இரண்டு இருக்கும், உனக்குப் பன்னிரண்டரை. அம்மை போன் அடித்தது. "காத்து உண்டா? மாவு நிக்குதா?" என்று நீ கேட்பது எனக்குக் கேட்டது. நான் தூங்கவில்லை, பக்கத்தில்தான் படுத்திருந்தேன். அவள் "அப்பாகிட்ட குடுக்கட்டா?" என்றாள். நீ வேண்டாம் என்றிருப்பாய், அவள் போனை வைத்துவிட்டாள். ஆடியிலும் இப்படித்தான். அதற்கு முந்தைய வருஷமும். இங்கே மழை என்று போனில் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாயா? விடிந்தால் வேலைக்குப் போக வேண்டாமா? அம்மை உன்னிடம் பெண் பார்க்கும் விஷயம் பேசுகிறாள், நான் அதைக் கேட்கவில்லை. நீ ராத்திரி தூங்குகிறாயா என்று மட்டும் சொல்.

மூட்டைப் பார்க்கணும் மக்களே, கொப்பைப் பார்த்துப் பயப்படக் கூடாது. இதைத்தான் சொல்ல உட்கார்ந்தேன், இதுதான் வரமாட்டேன் என்கிறது.

அந்த வருக்கைப் பிலா.

அக்கா கல்யாணத்துக்கு 2015-ல் கிழக்கே இன்னொரு கக்கூஸ் கட்டினோமே, நீ ஹாஸ்டலில் இருந்தாய். குழி தோண்டும்போது தொடை தண்டிக்கு இரண்டு வேர் குறுக்கே வந்தது. பிலா மூட்டிலிருந்து ஆறடி இருக்காது. கொத்தனார் மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, குழியைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோமா?" என்று கேட்டார். தள்ளினால் மதில் இடிக்கும், கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள். வெட்டு என்றேன். அவர் தயங்கினார், கோடாலியை வாங்கி நானே வெட்டினேன். பாட்டி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

போஸ்டுக்கு ஸ்டே கம்பி எதற்கென்று தெரியாதவனா நான்? காற்று வருகிற பக்கத்து வேர்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கிற வடம். எனக்குத் தெரியும். நம் ஊரில் பலத்த காற்று மேற்கேயிருந்துதானே, கிழக்கே இரண்டு வேர் போனால் என்ன என்று நினைத்தேன். ஒக்கி தெற்கே கடல் வழியாகப் போனது, காற்று கிழக்கேயிருந்து வந்தது.

ஒக்கி வந்த வருஷம் ஆவணியில் பிலாவை விற்கத் தடி வியாபாரியைக் கூட்டி வந்தேனே, நீ "பாட்டி வெச்ச மரம், தொடாதீங்க" என்று சண்டை போட்டாய். ரூபாய்க்கு ஆசைப்பட்டேன் என்று நினைத்தாய். ஆடிக் காற்றில் கக்கூஸ் பக்கம் மண் விரல் அகலத்துக்கு வெடித்திருந்தது, அதைப் பார்த்துத்தான் கூட்டி வந்தேன். காரணம் சொன்னால் வேர் வெட்டினதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் உன் பேச்சுக்கு இணங்கினவன் மாதிரி இருந்துவிட்டேன்.

30.11.2017 காலையில் பிலா வீட்டு மேல் விழுந்தபோது நான் லைனில். நீதான் ஓடு நீக்கிப் பாட்டியை வெளியே தூக்கினாய். நான் ஐந்தாம் நாள்தான் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு முற்றத்தில் அத்தனை பேர் முன்னால், "நீ வெட்ட வேண்டாம்னு சொன்ன மரம்தாண்டா, பார்த்துக்கோ" என்றேன். உனக்கு அப்போது இருபது வயது. நீ பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. பாட்டி படுக்கையில் பதினாலு மாதம் கிடந்தாள், அத்தனை நாளும் நீ அவள் கால்மாட்டில் உட்காருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தூத்தூர் பக்கம் கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பவே இல்லை, நமக்கு இது பெரிதா என்று சொல்லி, யாராவது பேச்செடுத்தால் அடக்கினேன். அது அவர்களுக்காகச் சொன்னதில்லை.

விழுந்த மரத்தின் மூட்டில் கிழக்குப் பக்கம் இரண்டு வேரும் கோடாலி வெட்டோடு, கறுத்து, இற்றுப்போய்த் தெரிந்தது. யாரும் பார்ப்பதற்குள் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தேன். அடிக்கட்டை வழியில் கிடக்கிறது, எரித்துவிட்டேன் என்றேன் அம்மையிடம்.

நீ காத்த மரம் விழவில்லை மக்களே. நான் வெட்டின மரம் விழுந்தது.

பாட்டிக்குத் தெரியும். கடைசி வரைக்கும் உன்னிடம் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உன் ரூபாயில் பிண்ணாக்குக்கும் ஏறுகூலிக்கும் 2,300 எடுத்தேன், தெங்கு இறக்க ஒரு 3,000 ஆகும், நோட்டில் எழுதியிருக்கிறேன். மிச்சம் அப்படியே கிடக்கும்.

இதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் அம்மை போனில்தான் எடுக்க வேண்டும், அதனால் தபாலில் போடுகிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவா, நீ சொல்கிறாயா என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். அவள் போனுக்கு அடிக்காதே. என் பட்டன் போன் ராத்திரியும் ஆன் பண்ணித்தான் கிடக்கும், தலைமாட்டில்.

அப்பா
புரட்டாசி, வெள்ளிக்கிழமை