மேட்ஜ் அண்ணாச்சிக்கு ஒரு கடுதாசி

மேட்ஜ் அண்ணாச்சி,

நல்லா இருக்கீங்களா? கேக்கவே வேண்டாம், ரக்பி லீக்ல எங்க ப்ராங்கோஸ் டீமுக்கு கோச்சா வந்து, 19 வருஷம் கழிச்சு ப்ரிஸ்பேனுக்கு கோப்பையைக் கொண்டு வந்த மனுஷன் நல்லாத்தான் இருப்பீங்க. மைக்கேல் மகுவயர்னு முழுப் பேர் சொல்லி எழுதினா ஏதோ கவர்ன்மென்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு, ஊரே உங்கள மேட்ஜ்னுதான் கூப்பிடுது, எங்க திருநெல்வேலிப் பக்கம் வயசுல மூத்தவரை வெறும் பேர் சொல்லி கூப்பிட மாட்டோம், அதனால அண்ணாச்சி. தமிழ் உங்களுக்குத் தெரியாதுங்கிறது எனக்கு ஒரு வகையில வசதிதான், ஏன்னா 2025 ஜூன் மாசம் குடும்ப வாட்ஸப் க்ரூப்புல நான் உங்களப் பத்தி டைப் பண்ணினதும் தமிழ்லதான். "இந்த ஆளு பசங்களை ஓட விட்டே கொன்னுடுவான், செப்டம்பர்ல நிக்கக்கூட கால் இருக்காது, எழுதி வச்சுக்கோங்க"ன்னு. என் மச்சான் நிஜமாவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கான். க்ராண்ட் ஃபைனல் முடிஞ்ச அஞ்சாவது நிமிஷம் அதை திரும்பப் போட்டான் படுபாவி.

அதுக்கான மன்னிப்புக் கடிதம் இது. ஆனா முழு மன்னிப்பு இல்ல, பாதிதான். மீதிய கடைசில சொல்றேன்.

நீங்க வர்றீங்கன்னு 2024 கடைசில நியூஸ் வந்தப்ப எனக்கு முதல்ல வந்தது எரிச்சல்தான். இருக்காதா பின்ன? அந்த வருஷம் ஜூலையில நியூ சவுத் வேல்ஸ் கோச்சா எங்க சன்கார்ப் ஸ்டேடியத்துக்கே வந்து ஆரிஜின்னு ரெண்டு மாநிலமும் வருஷா வருஷம் மோதுற சீரிஸோட மூணாவது மேட்ச்ல எங்க க்வீன்ஸ்லாந்தை 14-4ன்னு அடிச்சு சீரிஸைத் தூக்கிட்டுப் போனீங்க, மூணே மாசத்துல அதே ஊருக்கு கோச்சா வந்து நிக்கிறீங்க. பொண்ணு வீட்டு வாசல்ல வந்து சண்டை போட்டுட்டுப் போனவரே மாப்பிள்ளையா வந்த கதை. ஆபீஸ்ல எனக்கு இந்த விளையாட்டையே சொல்லிக் கொடுத்த பெரியவர் ஒருத்தர் இருக்கார், 1988ல ப்ராங்கோஸ் ஆரம்பிச்சதுலேர்ந்து பாக்கிறவர், அவர் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல.

இன்னொரு பயமும் இருந்துச்சு. உங்க ஜாதகத்தை எடுத்துப் பாத்தேன். இங்கிலாந்துல விகன், போன முதல் வருஷமே, 2010ல சாம்பியன். 2014ல சவுத் சிட்னிக்கு 43 வருஷம் கழிச்சு கோப்பை. அதெல்லாம் சரி, அப்புறம் 2017ல சவுத்ஸ் அனுப்பிட்டாங்க, 2022ல டைகர்ஸ் நடு சீசன்லயே அனுப்பிட்டாங்க. போன இடமெல்லாம் பசங்களை பெண்டு நிமித்துவார், கொஞ்ச நாள்ல பசங்க சோர்ந்து போயிடுவாங்கன்னு ஒரு பேர் உங்களுக்கு இருக்கு, இல்லன்னு சொல்லாதீங்க. இங்க நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் ப்ரிஸ்பேன் வெயில் எப்படின்னு எனக்குத் தெரியும், சென்னை மாதிரியே பிசுபிசுன்னு, குப்பை போட வாசல் வரைக்கும் போயிட்டு வந்தாலே சட்டை மாத்தணும். அந்த வெயில்ல ரெட் ஹில் மைதானத்துல அத்தனை பெரிய உடம்புக்காரனுங்களை ஓட விட்டு, மல்லுக்கட்ட விட்டு... என்னத்த சொல்ல.

மார்ச் 6, முதல் மேட்ச், சிட்னில ரூஸ்டர்ஸை 50-14ன்னு துவைச்சீங்க. என் பையனுக்கு 12 வயசு, அன்னிக்கே கோப்பை வந்துட்ட மாதிரி குதிச்சான். நான் சொன்னேன், டேய் முதல் நாள் படத்துக்கு கூட்டம் வர்றது பெருசில்ல, நாலாவது வாரம் ஓடுதா பாருன்னு. நான் சொன்ன மாதிரிதான் ஆச்சு, மே மாசம் வந்ததும் தோல்வி மேல தோல்வி, டேபிள்ல கீழ கீழ போயி, பந்தை பிடிக்கிறவன் நழுவ விடுறான், டேக்கிள் போடுறவன் தள்ளாடுறான். அப்பதான் நான் அந்த வாட்ஸப் மெசேஜ் போட்டது. ஆடுறது என்னமோ ரக்பி லீக், முகத்தைப் பாத்தா நைட் ஷிப்ட் முடிச்சு பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரி இருந்தானுங்க ஒவ்வொருத்தனும்.

இதைப் படிக்கிற நம்ம ஆளுங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன், நீங்க கொஞ்சம் பொறுங்க. இது ரக்பி யூனியன் இல்ல, லீக். ஒரு பக்கம் 13 பேர். பந்து கையில இருக்கிற டீமுக்கு ஆறு டேக்கிள், அதுக்குள்ள எதாவது பண்ணணும், இல்லன்னா பந்து எதிராளிக்கு. ஒவ்வொரு தடவை பிடிபட்டதும் எந்திரிச்சு, பந்தை காலுக்குப் பின்னாடி உருட்டி, எதிர் டீம் 10 மீட்டர் பின்னாடி ஓடி, திரும்ப முன்னாடி வந்து மோதி, 80 நிமிஷம் இதேதான். கபடி தெரிஞ்சவனுக்கு இது சீக்கிரம் புரியும், பிடிக்கிறது, திமிர்றது, மண்ணுல அமுக்கறது. வித்தியாசம் என்னன்னா இங்க ஓட்டம் நிக்கவே நிக்காது. கடைசி 20 நிமிஷத்துல எவனுக்கு கால் இருக்கோ அவனுதுதான் மேட்ச்.

அந்தக் கடைசி 20 நிமிஷம்தான் அண்ணாச்சி ப்ராங்கோஸ் ரசிகனோட தீராத வியாதி. 2023 க்ராண்ட் ஃபைனல்ல பென்ரித்துக்கு எதிரா 24-8ன்னு முன்னாடி இருந்தோம், எஸ்ரா மேம் மட்டும் மூணு ட்ரை (பந்தை எதிராளி கோட்டைத் தாண்டி தரையில வச்சா அது ட்ரை, 4 பாயிண்ட்), நான் ஸ்வீட் பாக்ஸையே பிரிச்சுட்டேன். அப்புறம் நேதன் க்ளியரி ஒரே ஆளா வந்து எடுத்துட்டுப் போனான், 26-24. பிரிச்ச மைசூர்பாகை எவனும் தொடல, மறுநாள் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போனேன், அங்கயும் எவனும் தொடல.

இப்ப 2025 செப்டம்பருக்கு வர்றேன். லீக் கடைசி ரவுண்ட்ல மெல்பர்ன் ஸ்டார்மை 30-14ன்னு அடிச்சு நாலாவது இடம். சரி, எதோ ஒப்பேத்திட்டார்னு நினைச்சேன். 14ம் தேதி கான்பெராவுல மேட்ச். டேபிள்ல முதல் இடத்துல இருந்த டீம், அவங்க ஊரு, அவங்க குளிரு, உங்களுக்கும் சொந்த மண்ணு, அங்கதான ஆடினீங்க. 28-12ன்னு பின்னாடி. டிவியை ஆஃப் பண்ணிட்டு தோசைக்கு மாவு கரைக்கப் போயிட்டேன், உண்மைய மறைக்க விரும்பல. உள்ளேர்ந்து பையன் "அப்பா, அப்பா"ன்னு கத்துறான், திருட்டுத்தனமா போன்ல பாத்துட்டு இருந்திருக்கான், 28-28. கையெல்லாம் மாவோட வந்து நிக்கிறேன். கோல்டன் பாயிண்ட். யார் முதல்ல பாயிண்ட் எடுக்கிறாங்களோ அவங்களுக்கு மேட்ச். பந்து பென் ஹண்ட் கையில.

பென் ஹண்ட் யாருன்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, படிக்கிறவங்களுக்குச் சொல்றேன். 2015 அக்டோபர் 4, க்ராண்ட் ஃபைனல், ப்ராங்கோஸும் கவ்பாய்ஸும் 16-16, கோல்டன் பாயிண்டோட முதல் கிக்கே நேரா இவர் கைக்கு வருது, நழுவ விட்டார். கொஞ்ச நேரத்துல கவ்பாய்ஸோட ஜொனாதன் தர்ஸ்டன் ஃபீல்ட் கோல் அடிச்சார், அதாவது ஆட்டம் ஓடிட்டு இருக்கிறப்பவே பந்தை கம்பத்துக்கு நடுவுல உதைச்சு ஒரு பாயிண்ட், 17-16, கதை முடிஞ்சுது. அப்புறம் வேற டீமுக்குப் போனார், வருஷக்கணக்கா ஆடினார், ஆனா ஹண்ட்னு பேர் சொன்னாலே அந்த நழுவின பந்துதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். மனுஷன் வாழ்நாள் முழுக்க ஒழுங்கா ஆடினது கணக்குல வராது, ஒரு நிமிஷம் கை வழுக்கினதுதான் கல்வெட்டு. அவரை 34 வயசுல திரும்ப இந்த ஊருக்கே கூட்டிட்டு வந்தப்ப "பழைய சரக்கு எதுக்கு"ன்னு சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன். கான்பெராவுல அந்த ஃபீல்ட் கோல் அவர் கால்லேர்ந்து போச்சு, 29-28. மாவு கையோடயே என் பையனைத் தூக்கிட்டேன். அவன் மெரூன் ஜெர்சி முதுகுல ரெண்டு வெள்ளைக் கை, துவைச்சும் லேசா தெரியுது.

ரெண்டு வாரம் கழிச்சு பென்ரித், சன்கார்ப்ல. எங்க வீட்டுல அன்னிக்கு நவராத்திரி கொலு. பத்து பன்னெண்டு பேர் வந்திருக்காங்க, ஒரு அம்மா கண்ணை மூடி பாடிட்டு இருக்காங்க, ஹால்ல டிவி சவுண்ட் ஆஃப், நானும் இன்னும் மூணு ஆம்பளைங்களும் சுண்டல் கிண்ணத்தோட ஓரமா உட்காந்து சத்தமில்லாம சாகிறோம். பாதி மேட்ச்ல 14-0ன்னு பின்னாடி. நாலு வருஷமா தொடர்ந்து சாம்பியன் அவனுங்க, 14 பாயிண்ட்டை விட்டுக் கொடுக்கிற வம்சமா அது? ஒவ்வொண்ணா வந்து 14-14, கடைசில ஆடம் ரெனால்ட்ஸ் கன்வர்ஷன், அதாவது ட்ரைக்கு அப்புறம் கிடைக்கிற 2 பாயிண்ட் கிக், அடிக்கணும். சவுத்ஸ்ல 2014ல உங்ககூட கோப்பை வாங்கின அதே ரெனால்ட்ஸ், 2025ல எங்க கேப்டன். ஆகஸ்ட்ல தொடைத் தசை போயி வெளிய உட்காந்திருந்தவர். பந்து உள்ள போச்சு, 16-14. நாங்க நாலு பேரும் ஒண்ணா எந்திரிச்சு கத்தினதுல அந்த அம்மா பாட்டை நிறுத்திட்டாங்க. என் மனைவி பாத்த பார்வை இருக்கே, பென்ரித் டிஃபென்ஸ் எவ்வளவோ பரவாயில்ல.

அக்டோபர் 5க்கு வருவோம். சிட்னில அன்னிக்குத்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுறாங்க, எங்க க்வீன்ஸ்லாந்துல அந்த வழக்கமே கிடையாது, அங்க ஏழரைன்னா இங்க ஆறரை, ஒரு நண்பர் குழம்பிப் போயி ஒரு மணி நேரம் லேட்டா வந்தார். தெருவுல எல்லா வீட்டுலயும் பார்பிக்யூ புகை, எங்களுக்கு புரட்டாசி, பனீரையும் குடைமிளகாயையும் கம்பியில குத்தி சுட்டுட்டு இருக்கேன், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல எட்டிப் பாத்து அனுதாபப்பட்டார். அதுக்கு முன்னாடியே நம்ம பொண்ணுங்க டீம் ரூஸ்டர்ஸை 22-18ன்னு அடிச்சு கோப்பையை வாங்கியாச்சு. என் மனைவி "பொம்பளைங்க வேலையை முடிச்சுட்டாங்க, உங்க பசங்க என்ன பண்றாங்கன்னு பாப்போம்"னாங்க, கொலு பாக்கிய வட்டியோட வசூல் பண்ற மாதிரி.

எதிர்ல ஸ்டார்ம், கோச் க்ரெய்க் பெல்லமி, உங்களுக்கு தொழில் கத்துக் கொடுத்த வாத்தியார். 2006ல கடைசியா நாங்க ஜெயிச்சதும் இதே ஸ்டார்மை, 15-8. பாதி மேட்ச்ல 22-12ன்னு பின்னாடி. ஆனா இந்தத் தடவை நான் டிவியை ஆஃப் பண்ணல. பயமும் இல்ல. ஏன்னா அதுக்குள்ள எனக்கு ஒண்ணு புரிஞ்சு போச்சு.

எங்க ஊர்ல கபடி சொல்லிக் கொடுத்த அண்ணன் ஒருத்தர் பசங்களை தேரிக்காட்டு செம்மண்ணுல ஓட விடுவார். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தேரி மணல்ல கால் வச்சா கணுக்கால் வரைக்கும் உள்ள போகும், பத்தடி ஓடினா நாக்கு தள்ளும். நான் நாலு நாள் ஓடிட்டு நின்னுட்டேன், ஓடினவனுங்க சாயங்காலம் மைதானத்துக்கு வந்து ஆடுறப்போ கட்டாந்தரையில காத்து மாதிரி போவானுங்க. ரெட் ஹில்ல நீங்க பண்ணினதும் அதான். கான்பெரா, பென்ரித், ஸ்டார்ம், மூணு தடவையும் பின்னாடி இருந்து, மூணு தடவையும் அடுத்தவன் மூச்சு வாங்குற நேரத்துல எழுந்து வந்தானுங்க. க்ராண்ட் ஃபைனல் ரெண்டாவது பாதில ஸ்டார்முக்கு ஒரு பாயிண்ட் கூட இல்ல. கேப்டன் ரெனால்ட்ஸே காயத்தோட வெளிய போனார், அப்பவும் டீம் ஆட்டம் காணல. ரீஸ் வால்ஷ், நெயில் பாலிஷ் போட்டுக்கிட்டு வர்றானேன்னு நம்ம மாமாக்கள் முகம் சுளிப்பாங்களே, அந்தப் பையன்தான் ட்ரையும் போட்டு, மத்தவனுங்களுக்கும் பாஸ் குடுத்து, கடைசில பாப்பன்ஹைசன் தப்பிச்சு ஓடினப்ப துரத்திப் போயி பிடிச்சுக் கீழ போட்டான். அந்தக் கையிலயும் பாலிஷ் இருந்திருக்கும், எவன் பாத்தான்? 26-22. ஹண்ட் கை பந்தை நழுவ விட்டு பத்து வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்துச்சு. ஆபீஸ் பெரியவர் போன் பண்ணினார், ஒண்ணும் பேசல, மூக்கு உறிஞ்சுற சத்தம் மட்டும் கேட்டுது.

ஜூன் மெசேஜை வாபஸ் வாங்கிட்டேன் அண்ணாச்சி. தோத்துட்டே இருந்தப்பவும் நீங்க ட்ரெய்னிங்கை லேசாக்கி பசங்க கிட்ட நல்ல பேர் வாங்கப் பாக்கல. நானா இருந்தா பாத்திருப்பேன்.

மீதிப் பாதி மன்னிப்பு ஏன் கிடையாதுன்னா, உங்களுக்கு முன்னாடி இங்க கோச்சா இருந்த கெவின் வால்டர்ஸ். எங்க கெவி. ஆட்டக்காரரா இந்த க்ளப்புக்கு 5 கோப்பை. 2020ல வரலாற்றுலயே முதல் தடவையா கடைசி இடத்துக்கு விழுந்த டீமை கையில எடுத்து, மூணே வருஷத்துல க்ராண்ட் ஃபைனல் வரைக்கும் கொண்டு போனவர். அடுத்த வருஷம் 12வது இடம்னு அனுப்பிட்டாங்க. வால்ஷை திரும்ப இங்க வரவச்சது, மேமை வளர்த்தது, ரெனால்ட்ஸை கொண்டு வந்தது எல்லாம் அவர் காலத்துல. அவர் நட்ட தோட்டத்துக்கு நீங்க தண்ணி பாய்ச்சினீங்க, நல்லாவே பாய்ச்சினீங்க, ஆனா தேங்காய் பறிக்கிற அன்னிக்கு கன்னு வச்சவன் பேரை யாராவது சொல்லணும்ல? கோப்பை கையில இருக்கிற போட்டோ எல்லாத்துலயும் நீங்கதான் இருக்கீங்க. உங்க தப்பு இல்லதான். எனக்கு மனசு ஆறல, அவ்வளவுதான்.

பென்ரித் மேட்ச் பாதில சவுத் மெக்லீன் பிள்ளையாருக்கு தேங்காய் உடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை போறோம். ரெண்டு அர்ச்சனை டிக்கெட், ஒண்ணு உங்க பேருக்கு, ஒண்ணு கெவி பேருக்கு. ஐயர் பேர் கேட்டு, அடுத்து நட்சத்திரம் என்னன்னு கேப்பார், அதுக்குத்தான் என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருக்கேன். பையன் ரெண்டு பேருக்கும் ப்ராங்கோஸ்னு சொல்லுங்கப்பா, அது போதும்கிறான்.

இப்படிக்கு,
தோசை மாவு கையோட உங்கள நம்ப ஆரம்பிச்ச ஒருத்தன்