இயக்க விதிகளைக் கேரம் பலகையில் தொடங்குவோம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பிள்ளைகள் பிரிக்கும் முதல் பாடம் இயக்க விதிகள். பல வகுப்பறைகளில் அது தொடங்கும் விதம் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று விதிகளும் கரும்பலகையில் ஏறும். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் ஒவ்வொருவராக எழுந்து ஒப்பிப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன், முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனாலும் ஒரு பொருள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமானால் ஏதாவது ஒரு விசை அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் கல்லூரிக்குப் போன பிறகும் மனதுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படி நம்புகிற பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். மாடு நின்றால் வண்டி நிற்கிறது, மிதிப்பதை விட்டால் சைக்கிள் நிற்கிறது. அன்றாடம் கண்ணால் பார்ப்பது அதுதானே. அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் கருதினார். அந்தக் கருத்து கலிலியோ காலம் வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. அதை விட்டு வெளியே வந்து, வெளிவிசை எதுவும் இல்லாவிட்டால் ஓடும் பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும் என்று 1687இல் நியூட்டன் எழுதிய முதல் விதியை, நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு வாக்கியமாகச் சொல்லி முடித்தால் பிள்ளை மனப்பாடம் செய்யும், நம்பாது.

"நாங்களும் சோதனை செய்து காட்டுகிறோமே" என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். டம்ளர் மேல் அட்டை, அட்டை மேல் நாணயம், ஒரு சுண்டு; நாணயம் டம்ளருக்குள் விழும், வகுப்பு கை தட்டும். நல்ல சோதனைதான். ஆனால் சுண்டியது ஆசிரியரின் விரல். பின்வரிசைப் பிள்ளைக்கு அது ஒரு வேடிக்கை, அவ்வளவே. பொருள் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். தொடுவதற்கு முன்பே என்ன நடக்கும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத செய்முறையால் பெரிய பயன் இல்லை என்பது என் அனுபவம்.

சில ஆண்டுகளாக நான் முதல் விதியைக் கேரம் பலகையில் தொடங்குகிறேன். ஒரு ரீப்பர் துண்டில் இரண்டு ஆணி அடித்து, இடையில் ரப்பர் பேண்ட் மாட்டி, பின்னால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு வரை மட்டும் இழுத்து ஸ்ட்ரைக்கரை விட்டால் தள்ளுதல் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். முதலில் சிமெண்ட் தரை, பிறகு பவுடர் போடாத பலகை, கடைசியாகப் பவுடர் போட்ட பலகை. விடுவதற்கு முன், எத்தனை சென்டிமீட்டர் போகும் என்று ஒவ்வொரு குழுவும் எழுத வேண்டும். பென்சில் கூடாது, பேனாவால் எழுதச் சொல்வேன். முடிவைப் பார்த்த பிறகு அழித்துத் திருத்த முடியாது அல்லவா. கோட்டை முதலில் கொஞ்சம் கிட்டத்திலேயே போட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் பவுடர் போட்ட பலகையில் ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பிவிடும், அளக்க எதுவும் இருக்காது.

தரையில் சாண் தூரம்கூடப் போகாத அதே ஸ்ட்ரைக்கர் பவுடரில் வழுக்கிக்கொண்டு போகும்போது வகுப்பு அமைதியாகிவிடும். "இதைவிட வழுக்கும் பவுடர் இருந்தால் நிற்கவே நிற்காதா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியையே கரும்பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு, ஸ்ட்ரைக்கரை நிறுத்துவது தரையின் உராய்வு, அது இல்லாவிட்டால் நிற்கக் காரணமே இல்லை என்று பிள்ளைகளே வந்து சேர்ந்தார்கள். தன் நிலையை மாற்றிக்கொள்ளாமல் இருக்கும் பொருளின் இந்தத் தன்மைக்கு 'நிலைமம்' என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

ஒரே விசைக்கு, நிறை கூடக் கூட முடுக்கம் (வேகம் கூடும் வீதம்) குறையும் என்கிற இரண்டாம் விதிக்கு ஒரு பொம்மை லாரி, நூல், மேசை விளிம்பில் ஒரு கப்பி, நூலின் நுனியில் தொங்க 20 கிராம் நட்டு. மேசையின் ஒரு பக்கக் கால்களுக்கு அடியில் அட்டை வைத்து, லேசாகத் தள்ளிவிட்டால் லாரி சீராக உருளும் அளவுக்குச் சாய்த்துக்கொண்டால் உராய்வின் தொல்லை தீரும். மணலோடு லாரி 480 கிராம், நட்டையும் சேர்த்து அரைக் கிலோ. 70 சென்டிமீட்டர் கடக்க ஏறத்தாழ 1.9 விநாடி ஆகும். இன்னும் அரைக் கிலோ மணல் ஏற்றினால்? "இரண்டு மடங்கு கனம், இரண்டு மடங்கு நேரம்" என்று வகுப்பே எழுதும். செல்பேசிக் கடிகாரம் ஏறத்தாழ 2.7 விநாடி காட்டும். பாதியானது முடுக்கம், அதனால் நேரம் இரண்டு மடங்காகிவிடாது என்பதைப் பிள்ளைகள் சூத்திரம் போட்டுத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். தொங்கும் நட்டும் சேர்ந்துதான் நகர்கிறது, அதன் நிறையையும் கூட்ட வேண்டும் என்பதை ஆசிரியர்களே சில நேரம் மறந்துவிடுகிறோம்.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்கிற மூன்றாம் விதிக்கு இரண்டு சுருள்வில் தராசுகள் போதும். கொக்கியோடு கொக்கி மாட்டி, வகுப்பின் பலசாலியையும் மெலிந்த பிள்ளையையும் இழுக்கச் சொன்னால் இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நிற்கும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேசை மேல் இருக்கும் புத்தகத்தின் எடையும் மேசை அதைத் தாங்கும் விசையும்தான் செயல்விசையும் எதிர்விசையும் என்று பலர் கற்பிக்கிறார்கள். அது தவறு. அந்த இரண்டும் ஒரே புத்தகத்தின் மேல் செயல்படுகின்றன. பூமி புத்தகத்தை இழுக்கிறது, புத்தகம் பூமியை இழுக்கிறது; வெவ்வேறு பொருள்களின் மேல் செயல்படும் அதுதான் ஜோடி. இது குழம்பினால், 'இரண்டு விசையும் சமம் என்றால் எதுவுமே நகராதே' என்ற பிள்ளையின் நியாயமான கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.

எங்கள் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைத் தாங்கியில் இறுகப் பூட்டி இயக்கி, அவை எவ்வளவு தள்ளுகின்றன என்று அளக்கிறார்கள். அந்த மலையைப் பார்த்து வளரும் பிள்ளைகளும் ராக்கெட் தரையையோ காற்றையோ உதைத்து மேலே போகிறது என்றுதான் எழுதுகிறார்கள். அது தள்ளுவது தன் வயிற்றிலிருந்தே வெளியேறும் வாயுவை; அந்த வாயு திருப்பித் தள்ளுவதால்தான் ராக்கெட் மேலே போகிறது. பலூனை ஊதிக் கையிலிருந்து விட்ட பிள்ளைக்கு இதை விளக்கப் பாதி வேலைதான் மிச்சம்.

தலைமை ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: இந்தப் பாடத்துக்கு முதல் வாரத்தில் மூன்று நாளாவது இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கொடுங்கள். ஊகித்து, செய்து, அளந்து, வாதாட நாற்பது நிமிடம் போதாது. போர்ஷன் தள்ளிப்போகும் என்ற கவலை எனக்கும் உண்டு. இங்கே செலவிடும் நேரத்தின் பெரும்பகுதி பயிற்சிக் கணக்குகள் போடும்போது திரும்பக் கிடைத்துவிடுகிறது.

உங்கள் வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பரண் மேல் கேரம் பலகை கிடந்தால், காய்கள் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, பக்கத்துப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். எங்களுக்குப் பலகையும் ஒரு ஸ்ட்ரைக்கரும் வேண்டும். பவுடர் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்.