வடிகாலைத் தூர்வாராமல் மதகு கட்டிப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் இங்கிலாந்தின் பாசனப் புல்வெளிகளை, அதாவது குளிர்காலத்தில் ஆற்றுநீர் பாய்ச்சிப் புல் வளர்க்கும் ஆற்றோர மேய்ச்சல் நிலங்களைப் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வெளியிட்டதற்கு நன்றி. ஆனால், குளிர்காலத்தில் ஆற்றைத் திறந்துவிட்டுப் புல்லை மூழ்கடிப்பார்கள் என்று அதில் எழுதியிருப்பது தவறு. அந்த எண்ணத்தோடு சீரமைப்பில் இறங்கினால் புல்வெளி சதுப்பாகிவிடும் என்பதால் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

வில்ட்ஷர், ஹாம்ப்ஷர் பகுதிகளின் சுண்ணப்பாறை ஆறுகள் ஊற்றுநீரால் ஓடுபவை. ஊற்றுக்கண்ணில் நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் 10, 11 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். புல் வளர வேர்மண் ஐந்தாறு டிகிரிக்கு மேல் இருந்தால் போதும். ஆகவே ஓர் அங்குல நீர் புல்லினூடே நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் உறைபனியிலும் மண் குளிர்ந்துபோகாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி ஹங்கர்ஃபோர்டு என்ற ஊர் அருகே இதை அளந்தே பார்த்தார். காற்று 29 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் மைனஸ் 2 செல்சியஸ்), மேல்நீர் உறைந்திருந்தது, வேர்மண்ணோ 43 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 6 செல்சியஸ்). நீர் தேங்கினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். தேங்கிய நீர் வெப்பத்தை இழக்கும், வேருக்குக் காற்றும் கிடைக்காது.

நிலத்தின் அமைப்பே நீர் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஆற்று மதகிலிருந்து தலைவாய்க்கால்; அதிலிருந்து ஒவ்வொரு மேட்டுப்பாத்தியின் முதுகிலும் ஒரு கிளை வாய்க்கால். இந்தக் கிளை போகப்போகக் குறுகி, முடிவில் அடைபட்டு நிற்கும். அதனால்தான் நீர் இரு கரையிலும் சீராக வழிந்து சரிவில் இறங்குகிறது. பாத்திகளுக்கிடையிலான வடிகால் இதற்கு நேர்மாறு: தலையில் சிறுத்து, போகப்போக அகன்று, கடைவடிகால் வழியே ஆற்றுக்குத் திரும்பும். கரையில் ஓரிடம் ஒரு விரல் தாழ்ந்தாலும் நீர் முழுவதும் அங்கேயே சரிந்து, மற்ற இடம் காயும். தாழ்ந்த இடத்தில் புல்கரணை (புல்லோடு வெட்டிய மண்கட்டி) வைத்து உயர்த்துவதும், மேடான இடத்தைச் செதுக்குவதும், வாய்க்காலுக்குள் கரணையால் தடுப்பு வைப்பதும் நீர்பாய்ச்சி எனப்படும் பணியாளின் அன்றாட வேலை. வரும்போது ஓட்டமாக வந்து, வடியும்போது பாய்ச்சலாகப் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கு.

சீரமைப்பவர்கள் முதலில் மதகைத்தான் புதுப்பிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதான். முதலில் தூர்வார வேண்டியதோ கடைவடிகால். அதன் பிறகு பாத்தி வடிகால்கள், பிறகு வாய்க்கால், மதகு கடைசி. வடியாத நிலத்தில் நீரைத் திறந்தால் நல்ல புல் போய்க் கோரை ஏறும்.

இயந்திரத்தால் வாரும்போது இன்னொரு ஆபத்து. பள்ளத்தாக்கில் மேல்மண்ணுக்கு அடியில் சரளை கிடக்கிறது. வாய்க்காலின் அடியில் படிந்த வண்டல்தான் நீரைத் தாங்கிப் பிடிக்கிறது. அதையும் தோண்டி எடுத்தால் நீர் பாத்திக்குப் போகாமல் சரளைக்குள் இறங்கிவிடும். வாரிய சேற்றைக் கரையிலேயே போட்டால் கரை உயர்ந்து வழிவு கெடும். மொத்தத்தையும் ஒரே பருவத்தில் வாரவும் கூடாது. இட்சென், டெஸ்ட் ஆறுகளின் பழைய வாய்க்கால்களில் அரிய ஊசித்தட்டான் ஒன்று வாழ்கிறது. அதற்காகவாவது பகுதி பகுதியாக வார வேண்டும்.

பருவமும் முக்கியம். அக்டோபர், நவம்பரில் வாரிச் செப்பனிட்டு, பனிக்காலத்தில் சில நாள் பாய்ச்சிச் சில நாள் ஆறவிடுவார்கள். பனி கொட்டும் மாலையில் நீரை நிறுத்தினால் ஈரப்புல் கருகும். காலையில் நிறுத்தி, பகலில் உலரவிட வேண்டும். நீரின்மேல் வெண்ணுரைப் படலம் கண்டால் உடனே வடித்துவிட வேண்டும், புல் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். மார்ச் நடுவில் நிலம் இறுகியபின் ஆடும் குட்டியும் இறங்கும்; உலர்புல் தீர்ந்து மற்ற மேய்ச்சல் நிலம் முளைக்காத நேரம் அது. அந்தக் காலத்தில் இரவில் அவற்றை வாற்கோதுமை நிலத்தில் கிடை மறித்தார்கள். மே மாதத்துக்குப் பிறகு மறுபடி பாய்ச்சிய நிலத்தில் ஆட்டை விடுவதில்லை. வெயில் ஏறினால் ஈரநிலத்து நத்தை வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு தொற்றும். உலர்புல்லுக்கு அறுத்த பிறகு மாடு மேயலாம். ஆனால் மழைக்காலத்தில் மாட்டை விட்டால் கரைகள் மிதிபட்டு ஒரே பருவத்தில் சிதையும்.

2023 டிசம்பரில் ஆஸ்திரியா, பெல்ஜியம், ஜெர்மனி, இத்தாலி, லக்சம்பர்க், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகளின் மரபுப் பாசனத்தை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, அது அங்கீகரித்தது அந்த அறிவையும் நுட்பத்தையும் கூட்டு நிர்வாகத்தையும்தான். இங்கிலாந்திலும் மதகின் ஓக் மரப் பலகைக்கு ஒருமுறை தரும் மானியத்தோடு, ஆண்டுதோறும் வாரும் கூலிக்கும், குளிர்காலம் முழுவதும் மண்வெட்டியோடு கரையைச் சுற்றிவரும் ஓர் ஆளின் சம்பளத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அடுத்த இதழில் 'மூழ்கடிப்பது' என்ற சொல்லைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாசனப் பொறியாளர் (ஓய்வு),
வில்ட்ஷர்