கணித வட்டத்தின் செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பெற்றோரே, பிள்ளைகளே, வணக்கம்.

ஹட்டன் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்காகப் போயா தினங்களில் வாசிகசாலையில் கூடும் நமது வட்டம், மழை மறித்த நாட்கள் போக, ஆண்டு முழுக்கக் கூடியது. சாதாரண தர வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன.

இவ்வாண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது கன எண்கள்தான், அதாவது 2×2×2=8 என்பதுபோல ஒரே எண்ணை மூன்று தடவை போட்டுப் பெருக்கினால் வருபவை. எந்த நேர் முழு எண்ணையும் 1, 8, 27, 64 என்று கனங்களின் கூட்டுத்தொகையாகப் பிரித்தால் ஒன்பதுக்கு மேல் தேவைப்படாது என்று 1770இல் கணித அறிஞர் வேரிங் சொல்லிவிட்டுப் போனார். 1909இல் வீஃபரிச் அதை நிறுவினார். அதிலிருந்த ஓட்டையை 1912இல் கெம்ப்னர் அடைத்தார். ஒன்பதும் தேவைப்படுபவை 23, 239 இரண்டு மட்டுமே.

239ஐ எட்டுக் கனங்களில் முடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தது உப தலைவரின் குறும்பு. பரிசு வாங்கவே வேண்டியிருக்காது என்பது அவருக்குத் தெரியும். எல்லோரும் ஆகப்பெரிய 216இல் பாய்ந்தார்கள். மீதி 23. அதற்கே ஒன்பது, ஆக மொத்தம் பத்து! 125ஐ எடுத்தால் மீதி 114: 27 மூன்று, 8 நான்கு, 1 ஒன்று. கடைசி வாங்கிலிருந்த பிள்ளை எழும்பி, "64 ரெண்டு, 27 நாலு, 1 மூணு, சேர்" என்றாள். அதுவும் ஒன்பதுதான். தேத்தண்ணி ஆறியதே எவருக்கும் தெரியவில்லை.

மறை எண்களையும் சேர்த்துக்கொண்டு மூன்றே கனங்களில் எழுதுவது அடுத்த விளையாட்டு. எந்தக் கனத்தையும் 9ஆல் வகுத்தால் மீதி 0, 1, 8 மட்டுமே. அதனால் 4 அல்லது 5 மிஞ்சும் எண்கள் மூன்று கனங்களில் ஒருபோதும் அடங்கா. இதைப் பிள்ளைகளே கொப்பியில் போட்டுக் கண்டுபிடித்தார்கள். இவ்வாண்டின் பெரிய வெற்றி இதுவே என்பேன்.

33க்கு 2019இல்தான் விடை கிடைத்தது. அதே ஆண்டில் 42க்கு, வீட்டுக் கணினிகள் சும்மா கிடக்கும் நேரத்தை உலகெங்கும் இரவல் வாங்கி, புக்கரும் சதர்லாண்டும் விடை கண்டார்கள். மூன்றும் 17 இலக்க எண்கள். நமது பலகையில் ஒரு வரிக்குள் அடங்கவில்லை. நமக்கு மீதியாக வந்த அந்த 114க்கோ இன்னும் விடையில்லை, 9ஆல் வகுத்தால் மீதி 6 என்பதால் தடையுமில்லை.

அதைத் தேட மடிக்கணினி வாங்கவேண்டும் என்று உயர்தர மாணவர்கள் மனுக் கொடுத்துள்ளனர். வெடித்த கரும்பலகையை முதலில் மாற்றுவதே முறை என்பது என் கருத்து. கணக்கு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். அதன்பின் சபை முடிவெடுக்கட்டும்.

செயலாளர்