பிளான்செனுவாவில் ஏழு வீடு

நாட்டிங்காம்
மார்ச் 9

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. மதினிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. படச்சட்டக் கடையை மாடிக்கு மாற்றியதுதான் எனக்கு ஒப்பவில்லை. கண்ணாடி போட்ட சட்டங்களைத் தூக்கிக்கொண்டு படியேறுகிற வயதா நமக்கு? சரி, மாற்றியாகிவிட்டது, இனிச் சொல்லி என்ன.

ரிட்டயர் ஆன பிறகு பொழுதை எப்படிப் போக்குகிறாய் என்று கேட்டிருந்தாய். ஊர் கட்டுகிறேன். சிரிக்காதே. பொம்மைப் படைவீரர்களை மேசையில் நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு இது. இந்த ஊரில் யாரும் இதை விசித்திரமாகப் பார்ப்பதில்லை. வீரர்களை வார்த்து விற்கும் கம்பெனிகள் இந்த வட்டாரத்தில் நிறைய என்பதால் 'லெட் பெல்ட்', அதாவது ஈய வட்டாரம், என்றே பட்டப்பெயர். வியாழன் மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். நான்தான் ஒரே தமிழன், ஊர் கட்டும் கொத்தனாரும் நானே.

நான் எடுத்துக்கொண்டது பிளான்செனுவா. பெல்ஜியத்துக் கிராமம். 1815 ஜூன் 18, வாட்டர்லூ சண்டை. பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனும் நெப்போலியனும் ஒரு பக்கம் மோதிக்கொண்டிருக்க, வெலிங்டனுக்குத் துணையாகக் கிழக்கிலிருந்து பிரஷ்யர்கள் வந்து புகுந்தது இந்த ஊருக்குள்தான். நெப்போலியனின் இளம் காவற்படை ஊரைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. கடைசியில் பழைய காவற்படையின் இரண்டே பட்டாலியன்கள் துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்து பிரஷ்யர்களை வெளியே துரத்தின. இருட்டுகிற நேரத்தில் ஊர் மறுபடி பிரஷ்யர் கைக்கே போனது. இத்தனையும் ஒரு தேவாலயத்தையும் அதன் கல்லறைத் தோட்டத்து மதிலையும் சுற்றியே நடந்தது. அந்த மதிலில்தான் நான் சொக்கிப்போனேன்.

முதலில் செய்த தப்பைச் சொல்கிறேன். பழைய வரைபடத்தைப் பார்த்து, அச்சு அசலாக, நாலடிக்கு நாலடி ஒரே பலகையில் ஊர் முழுவதையும் ஒட்டிவிட்டேன். பார்க்க அழகுதான். ஆனால் மாடிப்படித் திருப்பத்தில் அது இறங்கவில்லை. எப்படியோ சாய்த்துக் கொண்டுபோய் ஒருநாள் விளையாடினோம். அடுத்த முறை பீரங்கியை எந்தச் சந்தில் வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் மனப்பாடம்! மூன்றாம் ஆட்டத்துக்கு யாருமே அதைக் கேட்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தை எடுத்து அறுத்தேன். கோமதி பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

இப்போது இருப்பது அடிக்கு அடி சதுரமாக ஒன்பது பலகைகள். கீழே மூன்று மில்லி எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), மேலே வீட்டுச் சுவருக்குக் குளிர்காப்பாக வைக்கும் நீல ஃபோம். பலகை எதுவானாலும் தெரு விளிம்பின் நட்டநடுவில்தான் வெளியேற வேண்டும். அகலம் எட்டு சென்டிமீட்டர், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பலகையை எப்படித் திருப்பினாலும் பக்கத்துத் தெருவோடு சேரும். தெரு இல்லாத விளிம்பு எதிரே வந்துவிட்டால் ஒரு வைக்கோல் வண்டியை நிறுத்தி மறைத்துவிடுவேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒன்பது பலகைகளையும் இடம் மாற்றி, நாலு பக்கமும் திருப்பி அடுக்கினால் 9,512 கோடி விதம். மொத்த ஊரையும் அப்படியே திருப்பி வைப்பதும் இதில் சேர்த்தி என்று நீ பிடிப்பாய். அதை நாலால் வகுத்துக்கொள்.

விளிம்பில் காந்தம் பதித்ததில்தான் மண்டை காய்ந்தது. எந்த விளிம்பும் எந்த விளிம்போடும் ஒட்ட வேண்டுமே! ஒவ்வொரு விளிம்பையும் வெளியிலிருந்து பார்த்தால் இடது ஓரம் வடதுருவம், வலது ஓரம் தென்துருவம். எதிரெதிரே வைத்தால் என் இடதும் உன் வலதும் சந்திக்கும், கவ்விக்கொள்ளும். எழுபத்திரண்டு காந்தத்தில் ஒன்றைத் தலைகீழாகப் பதித்துவிட்டேன். பசை காய்ந்த பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அந்த ஒரு பலகை மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி முறைத்துக்கொண்டு விலகும்.

எம்டிஎஃபில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் கலந்த பசை பூசினால் அப்பளம் மாதிரி வளையும். மறுபக்கமும் பூச வேண்டும். இது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு மூன்று பலகை போன பிறகு தெரிந்தது. ஸ்ப்ரே பெயின்ட் ஃபோமைக் கரைத்துத் தின்றுவிடும் என்பதும் அப்படியே.

கல் மதிலுக்கு ஒரு கூத்து இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் ஃபோமில் கல் கல்லாகக் கீறிவிட்டு, சமையல் ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி அதன் மேல் உருட்டினால் நிஜக் கருங்கல்லின் சொரசொரப்பு வந்துவிடுகிறது. தெருப் புழுதிக்கு டிகாக்‌ஷன் இறக்கிய காபிச் சக்கை. அடுப்பில் வைத்து நன்றாக உலர்த்தாததால் முதல் தெருவில் பூஞ்சை பூத்தது. நாம் கொலுவுக்குக் கேழ்வரகு முளைக்கவைத்து வயல் போட்டோமே, கண்ணாடியைப் புதைத்து நீ குளம் வைத்தாயே, ஓரத்தை மணலால் மூடத் தெரிந்தவன் நீ மட்டும்தான். பலகையில் குட்டை செய்யும்போது அந்த விளிம்பு இன்னும் எனக்கு வரவில்லை.

ஊரில் வீடுகள் எத்தனை தெரியுமா? ஏழு. ஒரு பொம்மைக்கு முப்பது சிப்பாய் என்று கணக்கு வைத்தால் ஒரு வீடு ஒரு தெருவாகிவிடும். முப்பது மீட்டர் கோபுரத்தை எங்கள் 1:56 அளவில் நிஜமாகக் கட்டினால் கிட்டத்தட்ட ஐம்பத்து நாலு சென்டிமீட்டர் வரும், முப்பதோடு நிறுத்திக்கொண்டேன். மேலிருந்து பார்ப்பவனுக்கு அது போதும். வீடுகளை இப்போது ஒட்டுவதில்லை, கூரையும் கழன்று வரும். உள்ளே ஆள் வைக்க வேண்டும் அல்லவா. தேவாலயம் போன வாரம் ஓரத்தில் இருந்தது, இந்த வாரம் நடுவில். வாட்டர்லூவுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர், "இது பிளான்செனுவாவே இல்லை" என்கிறார். உண்மைதான். அவரே அன்று மூன்று மணி நேரம் அந்த மதிலைவிட்டு நகரவில்லை.

இந்தப் பித்து எனக்கு மட்டும் வந்ததில்லை. 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய அரசருக்குப் போர் விளையாட்டு மேசை ஒன்று செய்து கொடுத்தார். மணலைக் கொண்டுபோய் அரசர் முன் கொட்டுவதா என்று கூசி, ஆறும் மேடும் ஊரும் புடைத்த பிளாஸ்டர் சதுரங்களாகச் செய்தாராம், இஷ்டம்போல் மாற்றி அடுக்கலாம். பின்னாளில் அவர் மகன் அதை விட்டுவிட்டு வரைபடத்துக்குப் போய்விட்டார். புத்திசாலி. அவருக்குக் காந்தப் பிரச்சினை இல்லை.

இப்போது உன்னிடம் வேலை. ஐந்து மில்லி ஃபோம்போர்டில் வீட்டு மூலை சேர்க்கும்போது வெள்ளை நடுப்பகுதி வெளியே தெரிகிறது. நீ சட்டத்துக்கு 45 டிகிரியில் வெட்டுவதுபோல வெட்டிப் பார்த்தேன். கத்தி பாதியில் நழுவி ஃபோமைக் கடித்துவிடுகிறது. கத்தியைச் சாய்க்க வேண்டுமா, பலகையைச் சாய்க்க வேண்டுமா? நீ கையில் பிடிக்கிற விதத்தைப் பேரனை விட்டு ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல். எட்டாவது வீட்டை அது வந்த பிறகுதான் தொடங்குவேன்.

மதினியைச் சொட்டு மருந்து விடாமல் போடச் சொல்.

உன்
கணேசன்